வெள்ளகவி: பாதை மாறியதால் தூரமான ஊர்

கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் பலர் வட்டக்கானலைத் தாண்டி டால்பின் நோஸ் பாறை வரை இறங்குகிறார்கள். பாறை விளிம்பில் நின்று, கீழே புரளும் மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டு மேலேறிவிடுகிறார்கள். அதே ஒற்றையடிப் பாதையில் திரும்பாமல் இன்னும் கீழே இறங்கினால் சோலைக்காடு வரும். காடு தீர்ந்ததும் காப்பித் தோட்டம் வரும். தோட்டத்துக்கு நடுவே ஓர் ஊர் வரும். அதுதான் வெள்ளகவி. ஊரில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குச் சிறியது. ஊரைத் தாண்டி மேலும் இறங்கினால் பாதை கும்பக்கரை அருவிப் பக்கமாகப் பெரியகுளத்துச் சமவெளியில் போய் முடிகிறது.

இந்த ஊரைப் பற்றி எழுதும்போதெல்லாம் நாளிதழ்கள் 'வெளியுலகத் தொடர்பே இல்லாத குக்கிராமம்' என்று தொடங்குகின்றன. படிக்கிறவர்களுக்கும், காட்டுக்குள் யாரோ வழிதவறிப் போய்க் குடியேறிவிட்டார்கள், சாலை அவர்களைத் தேடிப் போகவில்லை என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. நடந்தது நேர்மாறானது. கொடைக்கானல் என்ற நகரமே இல்லாத காலத்தில் வெள்ளகவி இருந்தது. மலைக்கு ஏறும் வழியில், போகிறவரும் வருகிறவரும் தங்கிச் செல்லும் இடமாக இருந்தது. வழி வேறு பக்கம் போனது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த வரலாறு தெரியாமல் இன்றைய சாலைக் கோரிக்கையைப் பற்றிப் பேசினால், ஏதோ புதிதாகச் சலுகை கேட்கிறார்கள் என்று தோன்றும்.

ஆவணங்களில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். பழனி மலைக்கு வந்த முதல் ஐரோப்பியர் என்று பதிவானவர் ஆங்கிலேய ராணுவத்தின் நில அளவையாளர் வார்டு. ஆண்டு 1821. அவர் முகாம் போட்டது இந்த வெள்ளகவியில்தான். பழனி மலையின் வேளாண் சமூகமான குன்னுவர் வாழும் ஊர் என்று அது குறிக்கப்படுகிறது. அங்கிருந்துதான் மேலே ஏறி, இப்போது ஏரியும் கடைவீதியும் இருக்கிற பீடபூமியை அவர் பார்த்தார். ஓர் அளவைக் குழு தங்க வேண்டுமென்றால் அங்கே தானியமும், சுமை தூக்க ஆளும், வழிகாட்ட ஆளும் இருந்திருக்க வேண்டும். ஆக, 1821லேயே அது நிலைபெற்ற ஊர்.

அதன் பிறகு மலைமேல் வந்தவர்கள் எல்லாரும் மதுரை ஜில்லாவோடு தொடர்புடையவர்கள். மதுரையில் காலராவுக்கும் வெயிலுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845ல் மலையுச்சியில் இரண்டு வீடுகள் கட்டினார்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடையை மறித்து 1863ல் ஏரியை உருவாக்கினார். அந்த வீடுகளுக்கான கண்ணாடியும் இரும்பும், ஏன் பியானோவும்கூட, தெற்குச் சரிவின் நடைபாதைகள் வழியாகத்தான் மேலே போயின. 1875ல் ரயில் வந்ததும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை போய், அங்கிருந்து குதிரையிலோ, கூலியாட்கள் சுமக்கும் நாற்காலியிலோ கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூருக்கு ஏறினார்கள். அந்த வழிக்கு 'கூலி காட்', அதாவது கூலியாட்களின் மலைப்பாதை, என்றே பெயர். மலையேறும் துரைமாருக்குப் பின்னால் சுமை தூக்கிச் சென்ற தோள்களை அந்தப் பெயரே நினைவில் வைத்திருக்கிறது. அந்தத் தோள்களுக்கு உரியவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பிறகு 1910களில், வத்தலக்குண்டு பக்கத்திலிருந்து வண்டிச்சாலை மலையேறியது. மேஜர் லா என்ற பொறியாளரின் பெயரால் அது லாஸ் காட் ரோடு ஆனது. மலையின் கிழக்குப் பக்கமாகச் சுற்றி வரும் இந்தச் சாலையில் வண்டிகள் ஓடத் தொடங்கியதும் தெற்குச் சரிவின் நடைபாதைகளுக்கு வேலை இல்லாமல் போனது. கூலி காட் புதர் மண்டியது. பெரியகுளத்திலிருந்து நேரே மலையேறும் வழியில் இருந்த வெள்ளகவி, அதற்குப் பிறகு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறவரும் கடக்கத் தேவையில்லாத இடமாகிவிட்டது. மலையுச்சி நகரத்துக்கு அருகில் இருந்தபடியே அது தூர ஊர் ஆனது.

மதுரையைச் சுற்றிய மலைகளில் இப்படித் தூரமாகிப்போன ஊர் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி, அதற்கும் மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற சிற்றூர். ரயிலே எட்டிப்பார்க்காத மலைமுடுக்கில் ஸ்டேஷன் எப்படி வந்தது? மூணாறு தேயிலை ஒரு காலத்தில் இந்தப் பக்கம்தான் இறங்கியது. மேலே டாப் ஸ்டேஷன், அடிவாரத்தில் கொட்டகுடி, இடையில் ரோப்வே. ரோப்வேயின் நடு நிலையம்தான் சென்ட்ரல் ஸ்டேஷன். கொட்டகுடியில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் போடி வழியாக வண்டியில் அதே அம்மையநாயக்கனூர் ரயிலடிக்குப் போய், தூத்துக்குடியில் கப்பல் ஏறின. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுவந்த குண்டளை ரயிலை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துப் போனது. காலப்போக்கில் தேயிலை வேறு சாலைகளில் இறங்கத் தொடங்கியது. ரோப்வே போனது, பெயர் மட்டும் நின்றது. 2018 மார்ச் மாதம் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற்றத்துக்கு வந்த 23 பேர் இறந்தார்களே, அன்று தீக்காயம் பட்டவர்களைப் போர்வையிலும் கம்பிலும் கட்டித் தூக்கிவர முதலில் மேலே ஓடியவர்கள் இந்தப் பகுதி மக்கள்தான். நோயாளியைத் தூக்கி இறங்குவது அவர்களுக்குப் பழகிய வேலை என்பதால் அது முடிந்தது.

அந்தப் பழக்கத்துக்குப் பெயர் டோலி. நீளமான கம்பு ஒன்று, அதில் தொட்டில் போலக் கட்டிய போர்வையோ சேலையோ, முன்னும் பின்னும் தோள் மாற்றிக்கொள்ள ஆட்கள். வெள்ளகவி ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூர் போன்ற இன்னும் சிறிய குடியிருப்புகளிலிருந்து நோயாளிகளை டோலியில் பெரியகுளத்துக்குத் தூக்கி வந்த செய்தி மழைக்காலந்தோறும் வந்துகொண்டே இருக்கிறது. பாம்புக்கடி, பிரசவ வலி, மரத்திலிருந்து விழுந்த காயம் ஆகிய மூன்றுக்கும் நேரம்தான் மருந்து. சரிவான பாறைப் பாதையில், இடையில் காட்டாறு பெருகிவிட்டால், அந்த நேரம் கையில் இருக்காது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. டோலி தூக்க இளவட்டங்கள் வேண்டும். படிக்கவும் வேலைக்கும் இளைஞர்கள் கீழே போய்விட்ட ஊரில் தூக்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது. வயதானவர்களை வயதானவர்களே தூக்க வேண்டிய நிலை வரும்.

பணக்கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். வெள்ளகவிச் சரிவில் காப்பி, மிளகு, எலுமிச்சை, ஆரஞ்சு, பலா, பட்டர் ஃப்ரூட் எல்லாம் விளைகின்றன. மண் நல்ல மண், மழையும் உண்டு. ஆனால் விளைந்ததெல்லாம் குதிரை முதுகில் ஏறித்தான் சந்தைக்குப் போயாக வேண்டும். மிளகும் காய்ந்த காப்பியும் இந்தப் பயணத்தைத் தாங்கும். ஒரு பொதிக்கு நல்ல விலை இருப்பதால் குதிரைக் கூலி கட்டுப்படியாகும். பலாப்பழம் தாங்காது. எடை அதிகம், விலை குறைவு, இறங்குவதற்குள் நசுங்கிவிடும். ஆகவே மரத்தடியிலேயே விழுந்து அழுகும் பழத்துக்கு இந்த ஊரில் குறைவில்லை. மேலே வருகிற சிமென்ட் மூட்டைக்கும் கம்பிக்கும் சமையல் எரிவாயு உருளைக்கும் இதே கூலி சேர்கிறது. கீழே ஒரு சுவர் கட்ட ஆகும் செலவு இங்கே பல மடங்காவது இதனால்தான். விற்கும்போது கூலி கழியும், வாங்கும்போது கூலி கூடும். உழைப்பில் குறையில்லாத ஒரு ஊர் கையில் பணம் தங்காமல் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கமிஷன் மண்டிக்காரரிடம் பேரம் பேசவும் இவர்களால் முடியாது. இறக்கிய சரக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகவா முடியும்?

அரசும் இதே பாதையில்தான் வருகிறது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் குதிரையில் ஏற்றி வெள்ளகவிக்குக் கொண்டுசெல்லும் படம் பத்திரிகைகளில் வரும். சில நூறு வாக்குக்காக இவ்வளவு பாடா என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். பெருமைதான். வாக்குப் பெட்டி போகும் அக்கறையோடு செவிலியரும் ஆசிரியரும் தவறாமல் போனால் அந்தப் பெருமை முழுமையாகும்.

சிரமத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் வெள்ளகவியைப் பாதிதான் சொன்னதாக இருக்கும். ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊர் எல்லையிலேயே வந்தவரும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கோயில்களும் சாமி கற்களும் வீடுகளும் தனித்தனியாகப் பிரிந்து கிடக்காமல் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. ஊரே கோயில் வளாகம் என்பது அவர்கள் நம்பிக்கை. கல்லும் அட்டையும் நிறைந்த மலையில் வெறுங்காலோடு நடப்பது எளிதன்று. எழுதி ஒட்டிய உத்தரவும் அபராதமும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக ஒரு ஒழுங்கை ஊர் முழுவதும் காப்பாற்ற முடிகிறது என்றால், அந்த ஊருக்குத் தன்னைத்தானே ஆள்கிற திறமை இருக்கிறது என்று பொருள். சாலையைப் பற்றிய விவாதத்தில் இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

சாலை வேண்டாம் என்று சொல்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. இந்தத் தெற்குச் சரிவு மதுரை மக்களின் தண்ணீரோடு கட்டுண்டது. சோலைக்காடு மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவதால்தான் மழை நின்ற பிறகும் ஓடைகள் ஓடுகின்றன. வராக நதி பெரியகுளத்தைக் கடந்து வைகையில் சேர்கிறது. குரங்கணிப் பக்கத்துக் கொட்டகுடி ஆறு வைகை அணைக்கே நீர் கொண்டுவருகிறது. மலையை வெட்டினால் மண் சரியும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது: கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்குப் போட்ட சாலை, பலத்த மழை பெய்தால் மண்சரிந்து அடைபடுகிறது. சாலையோடு கூடவே ரிசார்ட் வரும், நிலத் தரகர் வருவார், குப்பை வரும் என்ற அச்சமும் கற்பனை இல்லை. வட்டக்கானலைப் போய்ப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். சாலைக் கோரிக்கை ஏன் ஆண்டுக்கணக்கில் கோப்புக்குள் சுழல்கிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஊர் பட்டா நிலத்தில் இருந்தாலும், போகும் வழி காட்டு நிலம். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். பழனி மலையில் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் 2013ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. சரணாலயத்துக்குள் சாலை என்றால் தேசிய வனவிலங்கு வாரியம் வரை போக வேண்டும். ஊராட்சித் தலைவர் ஒருவர் மனுவோடு ஏறி இறங்கி முடிக்கக்கூடிய தூரம் அன்று அது.

இதற்கு மாற்று வழி ஒன்றை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் திறந்து வைத்தது. காட்டில் வாழும் மக்களுக்கான பள்ளி, மருந்தகம், ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடையை மீறி நிலம் ஒதுக்கலாம் என்கிறது அதன் 3(2) பிரிவு. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம்தான். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது.

பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் ஒரு ஹெக்டேர் தாராளம். சாலைக்கு? ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 3.75 மீட்டர் அகல ஒற்றைவழிச் சாலை என்றால் இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் போவதற்குள் அந்த நிலம் தீர்ந்துவிடும். மலைச்சரிவில் வடிகாலும் தடுப்புச்சுவரும் சேர்த்து ஆறு மீட்டர் வெட்டினால் சுமார் 1,670 மீட்டர்தான் வரும். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வரையிலான பாதை இதைவிட மிக நீளம். சமவெளியை ஒட்டிய குடியிருப்புக்கு உதவும் இந்தப் பிரிவு, உண்மையிலேயே காட்டின் நடுவில் இருக்கும் ஊருக்குக் கைகொடுப்பதில்லை. ஊர் எவ்வளவு உள்ளே இருக்கிறதோ அவ்வளவுக்கு அதற்குச் சாலை தேவை. அவ்வளவுக்குச் சட்டம் எட்டுவதும் குறைவு. இந்த முடிச்சைப் பற்றி மேடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை. சாலை போடுவோம் என்ற வாக்குறுதி மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் இந்தச் சட்டத்தின் கீழ் உரிமை கோர, 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1930க்கு முந்தைய ரேஷன் கார்டு யாரிடம் இருக்கும் என்று பல மலை ஊர்களில் மனுக்கள் நின்றுபோகின்றன. வெள்ளகவிக்கு அந்தக் கவலை இருக்கக்கூடாது. 2008ஆம் ஆண்டு விதிகள் மாவட்ட விவரக் கையேடு (கெஜட்டியர்), மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை அறிக்கை ஆகியவற்றைச் சான்றாக ஏற்கின்றன. 1821ஆம் ஆண்டு நில அளவையே இந்த ஊரில் முகாம் போட்டுத்தானே நடந்தது? கேட்கப்படும் காலத்துக்கு நூறாண்டுகளுக்கும் முந்தைய பதிவு அது. ஊர் பழையது என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை. யாருக்கு என்ன உரிமை என்பதைக் கிராம சபை அதன் மேல் நின்று பேசலாம்.

நிர்வாக எல்லையும் ஒரு தடை. ஒரு காலத்தில் பெரியகுளமும் கொடைக்கானலும் மதுரை மாவட்டத்துக்குள் இருந்தன. 1985ல் திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது, 1996ல் தேனி பிரிந்தது. கோடு மலைச்சரிவின் குறுக்கே விழுந்தது. சின்னூர், பெரியூர் மக்களுக்கு இறங்கிப் போகும் ஊர் பெரியகுளம், அது தேனி மாவட்டம். அவர்களுடைய ஊராட்சியும் வட்டமும் திண்டுக்கல் மாவட்டத்தில். மனு கொடுக்க மலையேறிக் கொடைக்கானல் போக வேண்டும்; மருத்துவமனைக்குக் கீழே இறங்க வேண்டும். காட்டாற்றின் மேல் பாலம் கேட்டால் இரண்டு மாவட்டங்களும் இரண்டு வனக் கோட்டங்களும் கலந்து பேசியாக வேண்டும்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளகவிக்கு வண்டி போகும் வழி வேண்டும். காட்டைக் காப்பதன் முழுச் செலவையும் பிரசவ வலியில் இருக்கும் ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது நியாயமாகாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மதுரைக்காரர்களான நாம் அதைச் சொல்லவே கூடாது. ஆனால் அது சுற்றுலாச் சாலையாக இருக்கக்கூடாது. பழைய நடைபாதையின் தடத்தையே பின்பற்றி, தார் போட்டு அகலப்படுத்தாமல், ஜீப்பும் ஆம்புலன்ஸும் சரக்கு வண்டியும் மட்டும் போகும் வழி. வட்டக்கானல் முனையில் ஒரு கதவு. கதவின் பொறுப்பு ஊரிடமும் வனத்துறையிடமும் கூட்டாக. நடக்காத காரியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கே இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று எண்ணிக்கையும் கட்டப்பட்டது. ஒரு நகரத்துக்கே கதவு போட முடிகிறபோது ஒரு ஊருக்குப் போட முடியாதா? கதவை யார் கையில் கொடுப்பது என்ற தயக்கம் இருந்தால், ஊர் எல்லையில் யார் வந்தாலும் செருப்பைக் கழற்ற வைக்கிற மக்களைப் பாருங்கள்.

சாலை வரும்வரை காத்திருக்க வேண்டாதவையும் இருக்கின்றன. சின்னூர்ப் பக்கத்துக் காட்டாறுகளுக்கு நடைபாலம் கட்ட ஒரு ஹெக்டேரில் நூற்றில் ஒரு பங்கு நிலம்கூட வேண்டியதில்லை. 3(2) பிரிவே போதும். ஊரிலேயே தங்கும் செவிலியர், பாம்புக்கடிக்கு முதலுதவி தெரிந்த உள்ளூர் இளைஞர்கள், பழத்தை அங்கேயே பதப்படுத்திக் காய்ந்த சரக்காக இறக்க ஒரு சிறு உலர்த்திக் கூடம் ஆகியவற்றுக்கு மலையை வெட்டத் தேவையில்லை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. 'சாலை வசதி செய்து தர வேண்டும்' என்ற ஒற்றை வரித் தீர்மானத்தை மீண்டும் நிறைவேற்றுவதற்குப் பதிலாக, பாலத்துக்குத் தனியாக, மருந்தகத்துக்குத் தனியாக, 3(2) பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நிலத்தின் அளவையும் வெட்ட வேண்டிய மரங்களின் எண்ணிக்கையையும் எழுதி, 1821ஆம் ஆண்டுப் பதிவை இணைத்துத் தீர்மானம் போட வேண்டும். அப்படி வரும் பரிந்துரையை மாவட்ட வன அலுவலர் ஏற்காவிட்டால், அது மாவட்டக் குழுவுக்கு, ஆட்சியரின் மேசைக்குப் போகும். பாலத்தையாவது அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் கட்டிவிட முடியும்.